சுவிட்சர்லாந்தில் ஆறு பேர், எட்டு நாள்: காரா, ரயிலா?

‘ஜூன் முதல் வாரம் எட்டு நாள் சுவிட்சர்லாந்து வருகிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. ஏழு பேர் அமரும் கார் எடுப்பதா, எல்லோருக்கும் ரயில் பாஸ் வாங்குவதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகுதான் உங்கள் கேள்வி வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. ‘அப்பாவுக்கு முழங்கால் வலி, ஐந்து ஆறு நிமிடத்தில் ரயில் மாற வேண்டும் என்று அட்டவணை காட்டுகிறது, பயமாக இருக்கிறது’ என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம்தான் உங்களைக் கார் பக்கம் தள்ளுகிறது. ஆகவே முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன், பணக்கணக்கு பிறகு.

நான் பேர்ன் நகருக்குப் பக்கத்தில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். சொந்தமாகக் கார் உண்டு. ஊரிலிருந்து வரும் பெரியவர்களை அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் போகும்போது அது வீட்டிலேயே நிற்கும். நான் ரயில்வேயில் வேலை செய்பவன் அல்ல. இங்கே எழுதுவது பயணியாக இருந்து தெரிந்துகொண்டது.

இந்த நாட்டின் ரயில் அட்டவணை நம் ஊர் அட்டவணை மாதிரி ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் போட்டது அல்ல. 1982-ல் நாடு முழுவதற்கும் ஒரே தாள கதியில் அட்டவணை கொண்டுவந்தார்கள். காலை 8 மணி கடந்து எத்தனையாவது நிமிடத்தில் ஒரு வண்டி புறப்படுகிறதோ, 9, 10, 11 என்று நாள் முழுவதும் அதே நிமிடத்தில் அந்தத் தடத்தில் வண்டி உண்டு. பிறகு 1987-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்ட ‘ரயில் 2000’ என்ற திட்டம் 2004 டிசம்பரில் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை மிக எளிமையானது. சூரிச், பேர்ன், பாசல் போன்ற சந்திப்புகளுக்கு எல்லாத் திசை வண்டிகளும் முழு மணி அடிக்கச் சற்று முன் வந்து சேர வேண்டும். பயணிகள் மாறிக்கொள்ள வேண்டும். மணி கடந்த சில நிமிடங்களில் எல்லாம் புறப்பட வேண்டும். அதற்காகவே சூரிச்சுக்கும் பேர்னுக்கும் இடையே புதுப் பாதை போட்டுப் பயண நேரத்தை ஒரு மணிக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது 56 நிமிடம். இன்னும் வேகமாக ஓட்டியிருந்தாலும் பயன் இல்லை, இணைப்பு வண்டி மணி கடந்துதானே புறப்படும்.

பேர்ன் நிலையத்தில் மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது நடைமேடையில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து நிற்கும், சனங்கள் சாய்தளங்களில் இறங்கி ஏறுவார்கள், தலைக்கு மேலே அந்தக் கடிகாரம். வெள்ளை முகம், கறுப்பு முட்கள், நுனியில் சிவப்பு வட்டம் கொண்ட விநாடி முள். 1944-ல் ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே பொறியாளர் வடிவமைத்தது. விநாடி முள் 12-க்கு வந்ததும் ஒன்றரை விநாடி அப்படியே நிற்கும், தலைமைக் கடிகாரத்திலிருந்து சமிக்ஞை வந்ததும் நிமிட முள் ஒரு துள்ளுத் துள்ளும், இரண்டும் நகரும். உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வண்டி எதுவும் பார்க்காமல் என் மகன் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

ஆக, அந்த ஐந்து ஆறு நிமிடம் தற்செயலாக விழுந்த இடைவெளி அல்ல, மாறுவதற்கென்றே விட்டது. பெரிய நிலையங்களில் லிஃப்டும் சாய்தளமும் இருக்கின்றன. ஆனால் முழங்கால் வலியோடு வருபவருக்கு ஐந்து நிமிடம் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். லிஃப்ட் நடைமேடையின் ஒரு முனையில் இருக்கும், உங்கள் பெட்டி மறுமுனையில் நிற்கும். சூரிச் தலைமை நிலையத்தில் 3 முதல் 18 வரையான நடைமேடைகள் தரைமட்டத்திலும், 31 முதல் 34 வரையும் 41 முதல் 44 வரையும் உள்ளவை நிலத்துக்கு அடியிலும் இருக்கின்றன. மேலிருந்து கீழே போக ஆரோக்கியமானவருக்கே ஆறேழு நிமிடம் பிடிக்கும். அதனால் என் யோசனை: இணைப்பைப் பிடிக்க ஓடாதீர்கள். விட்டுவிடுங்கள். சாதாரண டிக்கெட்டும் பாஸும் குறிப்பிட்ட வண்டிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. முக்கியத் தடங்களில் அரை மணிக்கொரு வண்டியும், மற்றவற்றில் மணிக்கொரு வண்டியும் உண்டு. ஒரு காபி குடித்துவிட்டு அடுத்ததில் போகலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் அப்பாவின் முகத்தில் இருந்த பதற்றம் இரண்டாம் நாளே போய்விட்டது. தேசிய ரயில்வேயின் செயலியில் ரயில் மாறும் நேரத்தைக் கூட்டி வைக்கவும் வழி இருக்கிறது. பத்து நிமிடம் என்று வைத்துத் தேடுங்கள்.

விதிவிலக்கு ஒன்றை மறக்காதீர்கள். முன்கூட்டியே தள்ளுபடி விலையில் வாங்கும் டிக்கெட்டுகள் குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். பெரியவர்களோடு வரும் உங்களுக்கு அது வேண்டாம். பணம் மிச்சமாகும், நிம்மதி போகும்.

இனி கணக்கு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று ‘சுவிஸ் டிராவல் பாஸ்’: 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும், ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம் எல்லாவற்றிலும் ஏறி இறங்கலாம். இன்னொன்று ‘அரைக் கட்டண அட்டை’: ஒரு மாதம் செல்லும், ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை. பாஸ்தான் சிறந்தது என்று பயண முகவர்கள் சொல்வார்கள். எப்போதும் அப்படி இல்லை. மலை உச்சிகளில்தான் வித்தியாசம் தெரியும். நீங்கள் யுங்ஃபிராவ்யோக் என்ற உயரமான மலை ரயில் நிலையத்துக்குப் போக ஆசைப்படுகிறீர்கள். பாஸ் வைத்திருந்தால் வழியில் உள்ள கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைதான் இலவசம். அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. அரைக் கட்டண அட்டைக்கு அதே மலைப்பாதையில் பாதி விலை. இந்தப் பயணத்திலேயே மிகவும் விலை கூடிய டிக்கெட் அதுதான் என்பதால், நான்கு பெரியவர்களுக்கு அந்த வித்தியாசமே நல்ல தொகை. மாறாக, ரிகி மலைக்குப் பாஸ் முழுவதும் செல்லும். டிட்லிஸ், பிலாட்டுஸ் மலைகளில் இரண்டுக்குமே பாதிக் கட்டணம்.

உங்கள் திட்டத்தில் எட்டு நாளில் நீண்ட பயணம் மூன்றே நாள். மற்ற நாட்களில் ஏரிக்கரையும் பக்கத்து ஊரும். அப்படியானால் அரைக் கட்டண அட்டைதான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு என் பேச்சைக் கேட்க வேண்டாம். செயலியில் ஒவ்வொரு நாளின் பயணத்தையும் போட்டு, அரைக் கட்டண விலைகளைக் கூட்டி, அட்டையின் விலையைச் சேர்த்துப் பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. கட்டணங்களும் அட்டவணையும் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் மாறும். அதனால்தான் நான் தொகை எதுவும் எழுதவில்லை. நான் எழுதும் தொகையை வேறு யாராவது அடுத்த ஆண்டு படித்து ஏமாறக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் நல்ல செய்தி. 6 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குக் குடும்ப அட்டை இலவசமாகவே தருவார்கள், கேட்டு வாங்க வேண்டும். தாயோ தந்தையோ உடன் இருந்தால் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. உடன் வருவது தாத்தா பாட்டி மட்டும் என்றால் அது செல்லாது. ஒரு மாலை நீங்கள் இருவரும் கடைக்குப் போய், பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகில் போவதாக இருந்தால் பிள்ளைகளுக்குத் தனியே டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். தவிர, ஓட்டலில் அறைச் சாவியோடு விருந்தினர் அட்டை தருகிறார்களா என்று கேளுங்கள். பேர்ன், பாசல், ஜெனீவா, இன்டர்லாக்கன் எனப் பல ஊர்களில் அதை வைத்து உள்ளூர் பஸ்ஸிலும் டிராமிலும் இலவசமாகப் போகலாம். டிச்சினோ மாநிலத்தில் அதுவே மாநிலம் முழுவதும் செல்லும். இதைக் கேட்காமல் மூன்று நாள் பஸ் டிக்கெட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ரயிலில் ஏறும் முன்பே டிக்கெட் கையில் இருக்க வேண்டும். உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. பரிசோதகர் மரியாதையாகப் பேசியபடியே அபராதச் சீட்டு எழுதிவிடுவார்.

ரயிலில் ஏறும்போது ஓர் எச்சரிக்கை. இங்கே பல வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரியும். இன்டர்லாக்கனில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு நிலையங்கள் உண்டு. மலைக்குப் போகிறவர்கள் கிழக்கு நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். அங்கிருந்து புறப்படும் மலை ரயில் ஸ்வைலூட்சினென் என்ற சின்ன நிலையத்தில் நின்று, ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்கும் மறுபாதி லாவுட்டர்புருன்னனுக்கும் போகும். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தை பிள்ளைகளோடு முன்பெட்டியில் ஏறிவிட்டார். மாமா, இடம் தாராளமாக இருக்கிறதே என்று சாமான்களோடு பின்பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். பிரியும் இடத்தில் இருவரும் எதிரெதிர் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார்கள். அத்தையின் கைப்பேசி மாமாவிடம் இருந்த பையில். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி சேர்ந்தார்கள். அதற்குள் அத்தை அழுது ஓய்ந்திருந்தார். வண்டியின் பக்கவாட்டிலும் உள்ளே திரையிலும் அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். நடைமேடை ஏ, பி, சி, டி என்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பகுதியில் நிற்க வேண்டும் என்பதைப் பலகையில் பாருங்கள். ஆறு பேரும் ஒரே கதவில் ஏறுங்கள்.

பஸ்ஸைப் பற்றி நீங்கள் கேட்டது நம் ஊர் தொலைதூரப் பேருந்துகளை மனத்தில் வைத்து என்று நினைக்கிறேன். சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு பஸ் பிடிப்பது போன்ற பழக்கம் இங்கே இல்லை. ரயில் நிற்கும் இடத்திலிருந்து பஸ் தொடங்கும். ரயிலோடு நேரம் பொருத்தி ஓடும். மலைப்பக்கம் ஓடுபவை மஞ்சள் நிற அஞ்சல் பஸ்கள். குறுகிய வளைவுகளில் அவை அடிக்கும் மூன்று சுர ஹாரன், ரோசினியின் ‘வில்லியம் டெல்’ இசை நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்தது. காண்டர் பள்ளத்தாக்குப் பக்கம் கீன்டாலிலிருந்து கிரீஸ்ஆல்ப் ஏறும் தடம் 28 சதவீதச் சரிவு வரை போகும். அதற்கென்றே சிறிய பஸ் விடுகிறார்கள். என் அம்மா அந்த வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னார். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் பாறையைத் தொடாமல், முன்பக்கம் வேலியைத் தொடாமல், ஒரே திருப்பில் எடுத்தார். இறங்கும்போது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ‘நல்லா இருப்பா’ என்றார். அவரும் தலையாட்டினார். இந்தத் தடங்களில் ஒன்றை மட்டும் பார்த்து வையுங்கள்: கடைசி பஸ் பல ஊர்களில் மாலையிலேயே முடிந்துவிடும். போகும்போதே திரும்பும் நேரத்தை நிறுத்தப் பலகையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் எப்போது நியாயம்? எம்மன்டால், ஜூரா போன்ற பகுதிகளில் பண்ணை வீட்டில் தங்குவதென்றால் எடுக்கலாம். ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன் ஆகிய மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் நின்று நின்று பார்க்க வேண்டும் என்றால் கார்தான் வேண்டும். ஆனால் நீங்கள் வருவது ஜூன் முதல் வாரம். பனி அள்ளி அந்தக் கணவாய்கள் அப்போது திறந்திருக்குமா என்பது அந்த ஆண்டின் பனியைப் பொறுத்தது. எந்த முகவர் உறுதி கொடுத்தாலும் நம்பாதீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் வெங்கன், ம்யூரன், செர்மாட் மூன்றுமே சுற்றுலாக் கார்கள் நுழைய முடியாத ஊர்கள். செர்மாட்டுக்குப் போகிறவர்கள் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில் போக வேண்டும். அதாவது வாடகையும் கட்டி, நிறுத்தக் கட்டணமும் கட்டி, கடைசியில் ரயிலும் ஏறுவீர்கள்.

வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை ஓரிரு மணியில் பழகிக்கொள்ளலாம். பழகாதது, குறியீடு இல்லாத தெருச் சந்திப்புகளில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்ற விதி. சிறு தெருவிலிருந்து ஒரு கார் நிதானமாகக் குறுக்கே வரும். வழிவிட வேண்டியது நீங்கள். வேக வரம்பு நெடுஞ்சாலையில் 120, ஊருக்கு வெளியே 80, ஊருக்குள் 50. ஊருக்குள் 50-ஐச் சற்றுத் தாண்டினாலும் படம் எடுத்து 40 ஃப்ராங்க் அபராதம். அது நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணத்தோடு வந்து சேரும். நெடுஞ்சாலைக்கு ஆண்டுக்கு 40 ஃப்ராங்க் சாலைக் கட்டண வில்லை வேண்டும். சுவிஸில் எடுக்கும் வாடகைக் காரில் அது இருக்கும், ஜெர்மனியிலோ இத்தாலியிலோ எடுத்தால் பார்த்து வாங்குங்கள். மலைச்சாலையில் நீல நிறப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு இருந்தால் அஞ்சல் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும். பின்னால் எடு என்று அதன் ஓட்டுநர் கைகாட்டினால் எடுத்தே ஆக வேண்டும், ஒரு பக்கம் பள்ளமாக இருந்தாலும். இதைத்தான் நான் உங்களுக்காகப் பயப்படுகிறேன், ரயில் மாறுவதை அல்ல. பனிக்காலத்தில் சங்கிலி கட்டி ஓட்டிய அனுபவம் எனக்கில்லை, ஆகவே அதைப் பற்றிச் சொல்லும் தகுதியும் இல்லை.

இன்னொன்றிலும் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர் உயரம். 2020-ல் திறந்த கேபிள் கார் வந்த பிறகு கிரிண்டல்வால்டிலிருந்து வெகு சீக்கிரம் மேலே போய்விடலாம். உடல் பழகிக்கொள்ள நேரமே இருக்காது. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போகலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் தயங்கினால், அன்று பெரியவர்கள் இருவரும் பிரியன்ஸ் ஏரியில் படகில் போகட்டும். யாருக்கும் இழப்பில்லை.

தங்கும் இடத்தை நான்கு முறை மாற்றப் போட்டிருக்கிறீர்கள், இரண்டாகக் குறையுங்கள். லூசர்னில் மூன்று இரவு, இன்டர்லாக்கன் பக்கம் நான்கு இரவு. சாமான்களோடு மாறும் பயணம் அப்போது மூன்றே. ரயில்களில் சூட்கேஸ் வைக்க இடம் உண்டு, ஆனால் மெத்தைப் பை அளவில் இருக்கும் பெரிய பெட்டிகளைத் தவிருங்கள். நடுத்தர அளவில், சக்கரத்தோடு, ஆளுக்கு ஒன்று. வழியில் ஓர் ஊரை இறங்கிப் பார்க்க நினைத்தால் பெரிய நிலையங்களில் பூட்டறைகள் இருக்கின்றன. ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். அம்மா வெளிச்சாப்பாடு சாப்பிட மாட்டார் என்றால் சமையலறையோடு வீடு எடுங்கள். பேர்னிலும் சூரிச்சிலும் ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை கிடைக்கும்.

அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைக்குமா, எந்தப் பக்கம் ஏரி தெரியும் என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். லூசர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கு நேராகப் போகும் வண்டியில் ஏறுங்கள், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம் அமருங்கள். சார்னன் ஏரியும், பல்சக்கரத்தில் ஏறும்போது கீழே பச்சையாகத் தெரியும் லுங்கர்ன் ஏரியும் அந்தப் பக்கம்தான். பிரியூனிக் கணவாய் கடந்து மைரிங்கன் நிலையத்தில் வண்டி நின்று, வந்த திசையிலேயே திரும்பப் புறப்படும். எல்லோரும் எழுந்து இடம் மாறப் பார்ப்பார்கள். அம்மாவை எழுப்பாதீர்கள். திசை மாறியதால் அவர் இருக்கும் ஜன்னல் இப்போது இடப்பக்கம் ஆகிவிடும். பிரியன்ஸ் ஏரி வருவதும் அந்தப் பக்கம்தான்.